இசபெலின் பிரேரணையை ஆமோதிப்பது யார்?

கடற்காகம் சிறுவர் தொண்டர் கழகத்துக்கு அந்தப் பெயர் கிடைத்ததே ஒரு கூச்சலில்தான். முதல் கூட்டத்தில் எட்டுப் பேர் எட்டுப் பெயர் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. வாசிகசாலைப் பொறுப்பாளர் வெளியே வந்து, "என்ன புள்ளையள், கடற்காகம் மாதிரிக் கத்துறீங்க?" என்றார். அது மட்டும்தான் எல்லோருக்கும் கேட்டது. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கூட்டம் இன்னும் மோசம். சந்தை வீதியைத் துப்புரவு செய்வதாகப் பாதிப்பேரும், விளையாட்டு மைதானத்தைத் துப்புரவு செய்வதாக மீதிப்பேரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சனிக்கிழமை காலையில் வீதிக்கு வந்தவர்களிடம் விளக்குமாறு இருந்தது, பை இல்லை. மைதானத்துக்கு வந்தவர்களிடம் பை இருந்தது, விளக்குமாறு இல்லை.

அதற்குப் பிறகுதான் றிஸ்மின் ஒரு பழைய கொப்பியைக் கொண்டு வந்தான். அது அவனுடைய ராத்தாவின் கொப்பி. அந்த அக்கா பாடசாலையின் மாணவர் பாராளுமன்றத்தில் சபாநாயகராக இருந்தவர். கூட்டம் நடத்துவதற்கான பன்னிரண்டு விதிகளை அதில் எழுதி வைத்திருந்தார். றிஸ்மின் கழகத்தின் செயலாளர். அவன் கணக்குப் பாடத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை, அந்த விதிகளை மனப்பாடமாகச் சொல்வான்.

விதிகள் வந்தபின் கூட்டம் ஒழுங்காகிவிட்டது. "இதைச் செய்வோம்" என்று ஒருவர் எழுந்து முறையாகச் சொன்னால் அது பிரேரணை. இன்னொருவர் எழுந்து, "நான் ஆமோதிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு பேச்சு. அதன் பிறகு கை உயர்த்தி வாக்கெடுப்பு. மாதத்துக்கு ஒரு தலைவர், சீட்டுக் குலுக்கித் தெரிவு.

பெப்ரவரி மாதச் சீட்டு அஸ்ரியாவுக்கு விழுந்தது.

அஸ்ரியா ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை. தேங்காய்க்கு ஏன் மூன்று கண்? கழுதை ஏன் நடுவீதியில்தான் படுக்கிறது? பட்டம் ஏன் வாலில்லாமல் ஏறாது? உம்மா சமாளிக்க முடியாத நேரத்தில், "போய் வாப்பாட்ட கேளு" என்பார். வாப்பா யோசிக்காமலே, "உம்மாட்ட கேளு" என்பார். இப்படிப்பட்ட பிள்ளையைத் தலைவர் கதிரையில் இருத்தினால் என்ன ஆகும்? அவளுக்குப் பெரிய கஷ்டம் ஆகும். ஏனென்றால் மூன்றாம் விதி, தலைவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது என்று சொல்கிறது.

"பேசணும் என்டு ஆசை வந்தா?" என்று அவள் றிஸ்மினிடம் முதலே கேட்டு வைத்தாள்.

"எழும்பிக் கதிரைய உபதலைவர்ட்ட குடுக்கணும். பாய்ல வந்து இரிந்து பேசலாம். அந்த விசயம் முடியிற மட்டும் திருப்பிக் கதிரைக்குப் போக ஏலாது."

"ஏன்?"

"விதி," என்றான் றிஸ்மின். அவனுக்கு அது போதும்.

முதலாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி. வாசிகசாலை விறாந்தையில் இரண்டு பாய்கள் விரித்திருந்தார்கள். கை வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றும் இருந்தது. அதில் அஸ்ரியா நிமிர்ந்து இருந்தாள். அவளுக்குப் பின்னால் யன்னல் கட்டின்மேல் ஒரு பிஸ்கட் டின். சிற்றுண்டி கொண்டு வருவது தலைவரின் பொறுப்பு. அதைக் கூட்டம் முடிந்த பிறகுதான் திறக்கலாம். இந்தப் பதின்மூன்றாம் விதியை மட்டும் ராத்தா எழுதவில்லை, றிஸ்மின் எழுதினான். இனாஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்காகவே அது எழுதப்பட்டது.

உபதலைவர் அஃப்ராஸ் முதலில் எழுந்தான். "அடுத்த சனிக்கிழமை பட்டக்கரையைத் துப்புரவு செய்ய வேண்டுமென்று நான் பிரேரிக்கிறேன்."

"நான் ஆமோதிக்கிறேன்," என்றான் ஹஸ்மி. அஃப்ராஸ் வாயை மூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

பட்டக்கரை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கி விளையாடும் கரை அது. அஃப்ராஸின் நானா, அதாவது அண்ணன், அங்கேதான் வேலை செய்கிறார்.

"நானாட்ட ட்ரோன் இரிக்கி," என்று விளக்கினான் அஃப்ராஸ். "நாங்க குப்பை பொறுக்கக்கொள்ள மேலயிரிந்து படம் எடுத்துத் தருவார். வீடியோவும் எடுப்பார். எங்கட கழகம் உலகம் முழுக்கத் தெரியும்."

பாயில் இருந்தவர்களின் முகங்கள் மலர்ந்தன. அஸ்ரியாவுக்கும் ஆசைதான். ஆனால் அவள் தலைவர், முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டாள்.

"வேற பிரேரணை இரிக்கா?"

பாயின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. அது இசபெலின் கை. மூன்று விரல்களில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

இசபெல் கழகத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான். ஒவ்வொரு வருடமும் காற்று மாறியதும் சிலாபப் பக்கத்திலிருந்து மீன்பிடிக் குடும்பங்கள் எங்கள் கரைக்கு வரும். ஓலைக்குடில் போட்டுத் தங்கும். அந்தக் குடில்களை வாடி என்பார்கள். ஏப்ரல் முடிந்ததும் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் வாடிப் பிள்ளைகளோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. போகப் போகிறவர்கள்தானே என்ற நினைப்பு. இசபெல் கழகத்தின் ஒன்பதாவது ஆள். வந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்ததில்லை.

இன்று எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், மூச்சு விடாமல் சொன்னாள்.

"அடுத்த சனிக்கிழமை வாடிக்கரையைத் துப்புரவு செய்ய வேண்டும் எண்டு நான் பிரேரிக்கிறேன்."

 மர்ளியா தன் நகங்களைப் பார்த்தாள். ஹஸ்மி கூரையைப் பார்த்தான். வாடிக்கரை என்றால் மீன் வெட்டும் இடம், கருவாடு காயும் இடம். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் வீட்டு யன்னலைச் சாத்துவார்கள். அங்கே எந்த வெளிநாட்டுக்காரரும் வருவதில்லை.

"ஆமோதிக்க யாராவது இரிக்கிறீங்களா?" என்று அஸ்ரியா கேட்டாள்.

ஒருவரும் அசையவில்லை.

"ஏன் எண்டு சொல்லவா?" என்று இசபெல் மெதுவாகக் கேட்டாள்.

"ஏலாது," என்றான் றிஸ்மின். "விதி ஆறு. ஆமோதிச்ச பிறகுதான் விளக்கம். தலைவர், மூணு தரம் கேக்கணும். மூணு தரத்துக்கும் ஆள் இல்லாட்டிப் பிரேரணை விழுந்திடும்."

"விழுந்தா?"

"மூணு மாசத்துக்குத் திருப்பிக் கொண்டு வர ஏலாது. விதி எட்டு."

அஸ்ரியா விரலை மடித்து எண்ணினாள். மார்ச், ஏப்ரல், மே. மே மாதத்தில் வாடிக்கரையில் வாடியும் இருக்காது, இசபெலும் இருக்கமாட்டாள். இந்தப் பிரேரணை இன்று விழுந்தால் அவளுக்கு அது விழுந்ததுதான்.

"ரெண்டாந் தரம் கேக்கிறன். ஆமோதிக்க யாராவது இரிக்கிறீங்களா?"

இல்லை. இசபெல் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இருக்கலாமா, நிற்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டர் போட்ட விரல்களை மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.  அஸ்ரியாவின் மனதில் வழக்கமான கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. விரலில் ஏன் மூன்று பிளாஸ்டர்? இத்தனை நாளும் பேசாதவள் ஏன் இன்றைக்குப் பேசினாள்? நாற்றம் பிடித்த கரையை எதற்குக் கேட்கிறாள்?

காரணம் தெரிய வேண்டுமானால் யாராவது ஆமோதிக்க வேண்டும். காரணம் தெரியாததால் யாரும் ஆமோதிக்கவில்லை. இது என்ன பூட்டு?

"றிஸ்மின்," என்றாள். "ஒரு சந்தேகம். ஆமோதிச்ச பிறகுதானே விளக்கம் சொல்றது?"

"ஓம்."

"அப்ப ஆமோதிக்கிற ஆளுக்குக் காரணம் தெரியாதே. காரணம் தெரியாம எப்புடிச் சம்மதம் சொல்றது? அப்ப ஆமோதிக்கிறது என்டா சம்மதம் இல்ல. 'இதக் கேட்டுப் பாப்பம்' என்டு சொல்றது. அப்புடித்தானே?"

றிஸ்மின் கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினான். "அப்புடி எழுதியில்ல."

"இல்ல என்டு எழுதியிரிக்கா?"

"அதுவும் இல்ல."

"தலைவர், மூணாந் தரம்," என்றான் அஃப்ராஸ் பொறுமையில்லாமல்.

அஸ்ரியா ஒரு முடிவுக்கு வந்தாள். தலைவர் ஆமோதிக்க முடியாது, சரி. கதிரையை அஃப்ராஸிடம் கொடுத்துவிட்டுப் பாயில் போய் இருந்தால் முடியும். ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த கதிரைதான். அதை விட மனமில்லைதான். இருந்தாலும் அவள் எழுந்தாள்.

அங்கேதான் எல்லாம் பிழைத்துப் போனது.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும், மீனவர் சங்கமோ பெற்றோர் கூட்டமோ, தலைவர் எழுந்து நின்றால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். உடனே ஸலவாத், அதாவது நபிகள் மேலான வாழ்த்து, சொல்வார்கள். எல்லோரும் கலைவார்கள். கழகத்திலும் அதுதான் வழக்கம். ஸலவாத்தைத் தொடங்கி வைப்பது இனாஸின் வேலை, குரல் நல்லதென்று எல்லோரும் சேர்ந்து கொடுத்த வேலை. இசபெல் மட்டும் அந்த நேரத்தில் பேசாமல் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள்.

அஸ்ரியா எழுந்ததுதான் தாமதம், இனாஸ் கணீரென்று ஸலவாத்தைத் தொடங்கிவிட்டான். பழக்கதோஷம், எல்லோரும் எழுந்து கூடவே சொன்னார்கள். சொல்லி முடித்த கையோடு பிஸ்கட் டின்னைப் பார்த்தார்கள்.

"நான் கதிரைய மாத்தத்தான் எழும்பினன்," என்றாள் அஸ்ரியா.

 இனாஸின் முகம் சுருங்கிப் போனது.

"இனி ஒண்டும் செய்ய ஏலாது," என்றான் றிஸ்மின். "ஸலவாத் சொன்னா முடிஞ்சது முடிஞ்சதுதான். திருப்பித் தொறக்க ஏலாது."

அதை யாரும் மறுக்கவில்லை. அஸ்ரியாவும் மறுக்கவில்லை.

"அப்ப இசபெல்ட பிரேரணை விழுந்திட்டா?"

றிஸ்மின் யோசித்தான். "மூணாந் தரம் கேக்கல்ல. அதனால விழல்ல."

"அப்ப நிக்கிதா?"

"ஆமோதிக்கல்ல. அதனால நிக்கவும் இல்ல."

"அப்ப எங்கதான் இரிக்கி?"

"நடுவுல," என்றான் றிஸ்மின். அவனுக்கே அது பிடிக்கவில்லை.

"அஃப்ராஸ்ட பிரேரணையும் அப்புடித்தானே? வாக்கெடுக்கல்லியே," என்றாள் மர்ளியா. அப்போதுதான் அஃப்ராஸுக்கும் முகம் மாறியது. அடுத்த கூட்டம் மார்ச் மாதத்தில்.

"பரவால்ல," என்று இசபெல் சொன்னாள். செருப்பைத் தேடி மாட்டினாள். பரவாயில்லை என்று சொல்பவரின் குரல் எப்படியிருக்கக் கூடாதோ அப்படியிருந்தது.

அஸ்ரியா கொப்பியை வாங்கி, பதினோராம் விதியைக் கண்டுபிடித்து வாசித்தாள். "'மூன்று உறுப்பினர்கள் கேட்டால் விசேட கூட்டம் கூட்டலாம். நேரமும் இடமும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும்.' முன்னரே என்டா எவ்வளவு முன்னர்?"

"எழுதியில்ல," என்றான் றிஸ்மின்.

"எந்த இடம் என்டு எழுதியிரிக்கா?"

"அதுவும் இல்ல. ஆனா ஆறு பேர் வராட்டிக் கூட்டம் செல்லாது."

"சரி. நான் கேக்கிறன், ஒரு ஆள். இசபெல் ரெண்டு."

இசபெல் ஒரு செருப்போடு நின்று தலையாட்டினாள்.

"நான் மூணு," என்றான் இனாஸ். "நான்தானே பிழை விட்டன்."

"விசேட கூட்டம்," என்று அஸ்ரியா அறிவித்தாள். "இன்னும் அரை மணித்தியாலத்துல. இடம், வாடிக்கரை."

"அங்க நாறும்," என்றான் ஹஸ்மி.

"கட்டாயம் இல்ல. பிஸ்கட் டின் என்னோட வருது. வாராதவங்கட பங்க வந்தவங்க சாப்பிடுவாங்க."

ஒன்பது பேரும் புறப்பட்டார்கள்.

தான் பேசப்போவதாக அஸ்ரியா முதலே சொல்லிவிட்டதால், இந்தக் கூட்டத்துக்கு அஃப்ராஸ்தான் தலைவர். அவனுக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. "கதிரை இல்லாம நான் எப்புடித் தலைவர்?" என்று கேட்டுவிட்டான். வாசிகசாலைப் பொறுப்பாளர் கதிரையை ஆறு மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். ஆனால் அதைத் தூக்கி வர யாரும் முன்வரவில்லை. கடைசியில் தலைவரே தன் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மணலில் நடந்தார். வீதியோரம் நின்ற இரண்டு கழுதைகள் இந்த ஊர்வலத்தை வெகுநேரம் பார்த்தன.

வாடிக்கரையில் படகுகள் மணலில் ஏறியிருந்தன. சாக்கு விரிப்பில் கருவாடு காய்ந்தது. நாற்றம் உண்மைதான், மர்ளியா தலைச் சால்வை முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இசபெலின் வாடி கடைசியாக இருந்தது. அதன் பின்பக்கத்தில் உரப்பைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் வாய் கட்டிய பைகள், வயிறு புடைத்திருந்தன.

இனாஸ் எண்ணினான். "ஏழு. இதுக்குள்ள என்ன?"

இசபெல் றிஸ்மினைப் பார்த்தாள். "சொல்லலாமா?"

"கூட்டம் தொடங்கல்ல," என்றான் றிஸ்மின்.

"மீனா?" என்று ஹஸ்மி கேட்டான். "கருவாடா? சிப்பியா?"

"கூட்டம் தொடங்கல்ல."

அஃப்ராஸ் ஒரு பையைக் காலால் மெல்லத் தட்டினான். அது மெத்தென்றிருந்தது, சத்தம் வரவில்லை. "மீன் இல்ல," என்றான்.

"அப்ப கூட்டத்தத் தொடங்கன்," என்று மர்ளியா சத்தம் போட்டாள். மூக்கைப் பொத்த அவள் மறந்துவிட்டாள்.

கடற்காகம் கழகத்தில் ஒரு கூட்டம் அவ்வளவு வேகமாக அதற்கு முன் தொடங்கியதில்லை. ஒரு நிமிடத்தில் கதிரை மணலில் ஊன்றப்பட்டது, எல்லோரும் சுற்றி இருந்துவிட்டார்கள். இசபெல் எழுந்து தன் பிரேரணையை மீண்டும் சொன்னாள்.

"ஆமோதிக்க யாராவது..." என்று அஃப்ராஸ் தொடங்கினான்.

"நான் ஆமோதிக்கிறேன்," என்றாள் அஸ்ரியா. "நான் இன்னும் சம்மதம் சொல்லல்ல. பட்டக்கரைக்குப் போகவும் எனக்கு ஆசை. ஆனா இசபெல் சொல்றதக் கேக்கணும். அதுக்குத்தான் ஆமோதிக்கிறன்."

றிஸ்மின் பென்சிலை வாயில் வைத்து யோசித்தான். "விதிக்கு விரோதமில்ல," என்று எழுதிக்கொண்டான். "பிரேரித்தவர் விளக்கம் சொல்லலாம்."

 இசபெல் ஒரு பையை இழுத்து வந்து கட்டை அவிழ்த்து மணலில் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து வந்தது வலை. பச்சை, நீலம், வெள்ளை, எல்லா நிறத்திலும் அறுந்த வலைத் துண்டுகள். ஒன்றோடொன்று சிக்கி, பாசியும் சிப்பி ஓடும் ஒட்டிக்கிடந்தன.

"இது தங்கூசி வலை, நைலோன் நூல்ல பின்னினது," என்றாள். "பிஞ்சா ஆக்கள் கரையில போட்டிடுவாங்க. மணலுக்குள்ள புதைஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது. நாங்க வந்த கிழமை ஒரு கழுதைக்குட்டி இதுல மாட்டிட்டு. ராவு முழுக்க இழுத்திருக்கு. காலச் சுத்தி அறுத்திட்டு. அப்பாதான் கத்தியால வெட்டி எடுத்தார்."

அவள் கை காட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். தாழைப் புதருக்குப் பக்கத்தில் தாய்க்கழுதையும் குட்டியும் நின்றன. குட்டியின் முன்னங்காலில் மயிர் முளைக்காத ஒரு வளையம் தெரிந்தது. அது நடந்தபோது அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைத்தது.

"அதுக்குப் பிறகு ஸ்கூல் விட்டு வந்து ஒவ்வொரு நாளும் தோண்டி எடுக்கிறன். ஏழு பை வந்திட்டு. இன்னும் அந்தப் பக்கம் முழுக்க இருக்கு."

"தனியவா?" என்று அஸ்ரியா கேட்டாள்.

"தனியத்தான்." இசபெல் பிளாஸ்டர் விரல்களால் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "தனியச் செய்து முடிக்க ஏலாது எண்டுதான் உங்கட கழகத்துல சேந்தனான். எப்படிக் கேக்கிறது எண்டு தெரியல்ல. மூண்டு கூட்டமா நீங்க கேக்கிறதப் பாத்துப் பழகினனான்."

 அஸ்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்டவள், மூன்று கூட்டமாகப் பக்கத்துப் பாயில் இருந்த பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"இது வாடிக்காரங்கட வலைதானே?" என்றான் ஹஸ்மி. அவன் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"எங்கட ஆக்கள்ட வலையும் இருக்கு. உங்கட ஆக்கள்ட வலையும் இருக்கு," என்றாள் இசபெல். "கழுதைக்கு ரெண்டும் ஒண்டுதான்."

ஹஸ்மி அந்தக் குவியலைப் பார்த்தான். அதில் இருந்த நீல வலை அவன் வாப்பாவின் படகில் இருக்கும் வலையைப் போலவே இருந்தது. 

கதிரையில் அஃப்ராஸ் நெளிந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ சொல்ல வேண்டும், ஆனால் அவன் தலைவர். வாயைத் திறந்தான். றிஸ்மின் கொப்பியைத் தட்டினான். வாயை மூடினான். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

தலைவர் எழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் இனாஸைப் பார்த்தார்கள். இனாஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான்.

"நான் பேசணும்," என்றான் அஃப்ராஸ். "யாராவது இந்தக் கதிரைல இரிங்க."

அஸ்ரியா ஆமோதித்தவள், போக முடியாது. றிஸ்மின் செயலாளர். மர்ளியாவைப் பிடித்து இருத்தினார்கள். அஃப்ராஸ் மணலில் வந்து நின்றான்.

"என்ட பிரேரணைய நான் திருப்பி எடுக்க ஏலுமா?"

"பிரேரிச்ச ஆள் எடுக்கலாம்," என்றான் றிஸ்மின்.

"அப்ப எடுக்கிறன். பட்டக்கரைய மார்ச்ல செய்வம். இசபெல்ட பிரேரணைக்கு ஒரு திருத்தம். வெறுங்கையால ஒருத்தரும் வலையத் தொடக் கூடாது. கையுறை போடணும்." கொஞ்சம் தயங்கி, "நானாவ இங்கயும் வரச் சொல்றன். நாத்தம் படத்துல விழாதுதானே," என்றான்.

வாக்கெடுப்பு நடந்தது. எட்டுக் கைகள் உயர்ந்தன. கதிரையில் இருந்த மர்ளியாவும் கையை உயர்த்தினாள்.

"தலைவர் கை தூக்க ஏலாது," என்றான் றிஸ்மின். "ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான் தலைவருக்கு வாக்கு."

"நான் இதுல வந்து ரெண்டு நிமிசம்தானே," என்று மர்ளியா கெஞ்சினாள். "நாலு பேர் எதிர்த்து வாக்குப் போடுங்களேன். நானும் தூக்கோணும்."

ஒருவரும் எதிர்க்கவில்லை. எட்டு வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது என்று றிஸ்மின் எழுதினான். எழுதி முடித்து, "அடுத்த சனிக்கிழமை, காலை எட்டு மணி," என்று கோடு போட்டான்.

சூரியன் கடலுக்கு மேல் இன்னும் நன்றாக நின்றது. இசபெல் மணலைப் பார்த்தாள், புதர்ப் பக்கம் பார்த்தாள். கழுதைக்குட்டி கரையை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் யாரும் அழைக்காமலே எழுந்து நின்றாள். இந்த முறை அவள் எதையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் நிக்காம இப்பவே துவங்க வேண்டும் எண்டு நான் பிரேரிக்கிறேன். வாடியில நாலு சோடி கையுறை இருக்கு."

"நான் ஆமோதிக்கிறேன்," என்றாள் அஸ்ரியா. "நான் ஆமோதிக்கிறேன்," என்றான் அஃப்ராஸ். ஹஸ்மியும் சொன்னான், இனாஸும் சொன்னான், கதிரையில் இருந்த மர்ளியாவும் சொன்னாள். கூட இருந்த மற்றவர்களும் சொன்னார்கள். படகுகளில் இருந்த ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் எழுந்தது.

"ஒரு ஆள்தான் ஆமோதிக்கலாம்," என்று றிஸ்மின் கத்தினான். "யார்ட பேர எழுதிற? முதல்ல சொன்னது யார்?"

அவனுக்குப் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. எல்லோரும் வாடிக்குள் ஓடியிருந்தார்கள். நான்கு சோடியைப் பிரித்து, எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியவர்களின் கையுறை என்பதால் இனாஸுக்கு அது முழங்கை வரை வந்தது. எட்டுப் பேரும் மணலில் குந்தி, இசபெல் காட்டித் தந்தபடி ஒற்றைக் கையால் வலையைத் தேடத் தொடங்கினார்கள்.

றிஸ்மின் கொஞ்ச நேரம் பென்சிலோடு நின்றான். பிறகு கொப்பியில், "ஆமோதித்தவர்கள்: எல்லோரும்" என்று எழுதினான். அப்படி ஒரு விதி ராத்தாவின் கொப்பியில் இல்லை. கொப்பியைக் கதிரைமேல் வைத்துவிட்டு, எட்டாவது உரப்பையை எடுத்து வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, அவனும் போனான்.